சங்கீதத்திற்குக் கணக்குக் கேட்டவர்கள்

(மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இரவு சங்கீதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தெரிந்ததும், "கோவிலைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசித் திரிகிறவர்களுக்கு ஸ்வரம் தெரியுமா, தாளம் தெரியுமா?" என்று இவ்வூரில் சிலர் கேட்டதாகக் கேள்விப்பட்டோம். நியாயமான கேள்விதான். நமக்குப் பாடத் தெரியாது. தெரியாதென்பதை இங்கே பாடிக் காட்டி ருசுப்படுத்தவும் நாம் வரவில்லை. ஆனால் கடையில் மிளகாய் வாங்குகிறவன் மிளகாய் பயிரிட்டவனாக இருக்க வேண்டியதில்லை. தராசு முள் எங்கே நிற்கிறதென்று பார்க்கத் தெரிந்தால் போதும். சங்கீதத்திலும் அப்படியொரு தராசு முள் உண்டென்றும், அதைப் பார்க்க எவனுக்கும் உரிமை உண்டென்றும் காட்டிய இரண்டு தமிழர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஒருவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். மற்றவர் நம் மதுரை நாகசுர வித்துவான் எம்.கே.எம். பொன்னுசாமிப் பிள்ளை.

சங்கீதம் என்றவுடன் நம் நாட்டில் என்ன சொல்லுகிறார்கள்? நாதமே பிரம்மம் என்கிறார்கள், சாமவேதத்திலிருந்து வந்தது என்கிறார்கள், நாரதர் கொண்டு வந்தார் என்கிறார்கள். வரட்டும். யார் கொண்டு வந்தாலும் காதில் விழுவது காற்றின் அசைவுதானே! அதை ஒரு கம்பியில் கட்டி, அடிக்கோல் வைத்து அளக்கலாம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அளக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் யார் வேண்டுமானாலும் அளந்துவிடுவான் அல்லவா?

பண்டிதர் யார்? 1859ஆம் வருஷம் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் உபாத்தியாயர் பயிற்சிக்குப் படிக்க வந்தார். அங்கே சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். ஓய்வு கிடைத்தபோது மூலிகை தேடி மலையேறினார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற சாதுவிடம் வைத்திய முறைகளைத் தெரிந்துகொண்டார். அக்காலத்தில் திண்டுக்கல்லும் சுருளிமலையும் மதுரை ஜில்லாவில் சேர்ந்தவை. ஆகவே தஞ்சாவூர்க்காரர்கள் அவரை எவ்வளவு சொந்தம் கொண்டாடினாலும், அவருடைய பிடிலும் மருந்தும் நம் பக்கத்துச் சரக்கு என்று நாமும் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

பிறகு அவரும் அவருடைய மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் தஞ்சைக்குப் போய் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்களாக இருந்தார்கள். அந்த வேலையை விட்டுப் பண்டிதர் முழுநேர வைத்தியரானார். மாத்திரையும் சூரணமும் நன்றாக விற்றன, பணம் வந்தது. வந்த பணத்தை என்ன செய்தார் என்பதுதான் விசேஷம். நம் பணக்காரர்களைப் போல் கும்பாபிஷேகத்திற்கும் தேர் வடத்திற்கும் அழவில்லை. ஊருக்கு வெளியே தரிசு நிலத்தை வாங்கித் தோட்டம் போட்டார். கரும்பு வைத்தார், பட்டுப்பூச்சி வளர்த்தார். அது இன்றைக்கும் தஞ்சையில் பண்டிதர் தோட்டம் என்றே வழங்குகிறது. போட்டோ பிடிப்பதிலும் அவருக்குப் பிரியம். சொந்தமாக ஓர் அச்சுக்கூடமே வைத்துக்கொண்டார். தொட்டதையெல்லாம் எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்கும் புத்தி அவருக்கு இருந்தது. மிச்சமிருந்த பணத்தை 1912 முதல் 1916 வரையில் தஞ்சையில் ஏழு சங்கீத மகாநாடுகள் கூட்டிச் செலவழித்தார். வித்துவான்களைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, "சுருதி எத்தனை? ஆதாரம் என்ன?" என்று கேட்டார். சாப்பாட்டுக்கு வந்தவர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சுருதி வியவகாரம் என்னவென்று உங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். இதோ இந்தப் பலகையில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறோம். நீளம் 36 அங்குலம். தட்டினால் ஒரு சப்தம் வருகிறது, அதைச் ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபாதியில், 18 அங்குலத்தில் தட்டினால் மேல் ஸ. 24 அங்குலத்தில் ப. இதற்கு மந்திரமும் வேண்டாம், உபநயனமும் வேண்டாம். கீழ் ஸவுக்கும் மேல் ஸவுக்கும் நடுவில் எத்தனை படி உண்டு என்பதுதான் சண்டை. பரதர் பேரால் உள்ள நாட்டிய சாஸ்திரமும், 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியிலிருந்த சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் 22 சுருதி என்றன. அவ்வளவுதான், பல நூறு வருஷமாக எல்லாரும் 22 என்றார்கள். ஆனால் ஒரு சுருதி என்பது எவ்வளவு என்று அந்தப் புத்தகங்கள் எண்ணால் சொல்லவில்லை. பிற்காலத்தில் அதற்குக் கணக்குச் சொல்லப் புறப்பட்டவர்கள் கணக்குப்படியே 22ம் ஒரே அளவல்ல. சில படி நூற்றுக்கு 1¼ உயரம், சில 4¼க்குச் சற்றுக் குறைவு, சில 5⅓க்குச் சற்று மேல். ஒரு படி முழ உயரம், அடுத்த படி சாண் உயரம் என்று வீட்டில் கொத்தனார் படி கட்டினால் கூலி கொடுப்பீர்களா? சாஸ்திரத்தில் கட்டினால் மட்டும் கைகூப்புகிறோம்.

பண்டிதர் படி எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றார். 22 அல்ல 24 என்றார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, பழந்தமிழர் ஆயப்பாலையில் 12 ஆகவும், வட்டப்பாலையில் 24 ஆகவும், திரிகோணப்பாலையில் 48 ஆகவும், சதுரப்பாலையில் 96 ஆகவும் பிரித்தார்கள் என்று விஸ்தரித்தார். ஒரே அளவென்றால் கூட்டல் அளவு அல்ல, பெருக்கல் அளவு. இது கடன் வாங்கின குடியானவனுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கும். 100 ரூபாய் கடன், வட்டிக்கு வட்டி, 12 மாதத்தில் சரியாக 200 ஆக வேண்டும். மாதம் நூற்றுக்கு என்ன வட்டி? 100ஐ 12ஆல் வகுத்து 8 ரூபாய் 33 காசு என்பான் அவசரக்காரன். அப்படிப் போட்டால் வருஷக் கடைசியில் 261 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்! சரியான வட்டி 5 ரூபாய் 95 காசுக்கும் கொஞ்சம் குறைவு. வீணையில் ஒரு மெட்டுக்கு அடுத்த மெட்டு உயர்வதும் இதே வட்டிக்கு வட்டிதான். ஆகையால்தான் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கி நெருங்கி வருகின்றன. இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு, எண்ணிப் பாருங்கள். அந்தப் படியையும் இரண்டாகப் பிரித்தால் நூற்றுக்கு 2 ரூபாய் 93 காசு. அதுதான் பண்டிதருடைய சுருதி.

இதையெல்லாம் அவர் லாகரிதம் என்னும் பெருக்கல் வாய்பாடு கொண்டு பக்கம் பக்கமாகப் போட்டுக் காட்டினார். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. லாகரிதம் என்ற சொல்லையே அவர் எழுதிய கருணாமிர்த சாகரத்தில்தான் முதன்முதல் பார்த்தோம். 1917இல் வந்த அந்தப் புத்தகம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். தூக்கினால் கை வலிக்கும், படித்தால் தலை வலிக்கும். ஆனாலும் ஒவ்வொரு கணக்கையும் நாமே போட்டுச் சரிபார்க்கலாம். குருவின் காலில் விழுந்து கேட்டால்தான் விளங்கும் என்ற சங்கதி அதில் கிடையாது. தமிழ்ப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாத தெலுங்கில் ஆரம்பப் பாடம் கற்க வேண்டியிருந்த காலத்தில், அந்தப் பாடங்களையே தமிழில் எழுதி அச்சிட்டவரும் அவர்தான்.

1916இல் பரோடாவில் சமஸ்தான ஆதரவில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடிற்று. 22 சுருதிக்காரர்களில் அப்போது பெரிய பெயர், பம்பாய் மாகாணத்து டிப்டி கலெக்டராக இருந்த டெவல் என்பவருக்கும், கிளெமெண்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். ஜட்ஜுக்கும். அப்பேர்ப்பட்ட சபைக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு நாட்டு வைத்தியர் போகிறார். சாஸ்திரியல்ல, பரம்பரை வித்துவானுமல்ல, சர்க்கார் அதிகாரியுமல்ல. துணைக்கு யாரை அழைத்துப் போனார் தெரியுமா? தம் குமாரத்திகளை. தாம் வாயால் சொன்ன சுருதியை வீணையிலும் குரலிலும் காட்டச் சொல்லிச் சபை நடுவில் உட்கார வைத்தார். கௌரவக் குடும்பத்துப் பெண் மேடையில் பாடினால் மானம் போய்விடும் என்று நம்மவர்கள் நடுங்கிக் கொண்டிருந்த 1916இல்! இதற்காகவே அவரை ஒரு தடவை தனியாகக் கைதட்டிப் பாராட்டலாம்.

இனி, நாம் ஒருவரைப் பாராட்டினால் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. பண்டிதர் கிறிஸ்தவர், தம் மதத்தில் பக்தியுள்ளவர். சோதிடத்திலும் அவருக்குப் பற்று உண்டு. அது அவர் பாடு. சங்கீதப் புத்தகத்தின் முகப்பிலேயே, கடலில் மூழ்கிப் போன லெமூரியாக் கண்டத்தில் தமிழர் இசை வளர்த்தார்கள் என்று எழுதியிருக்கிறார். இதைக் கேட்டால் நம் தோழர்களில் சிலருக்கு உடம்பு சிலிர்க்கிறது. சிலிர்க்கட்டும், ஆதாரம் எங்கே? கண்டங்கள் நகருகின்றன என்று பூகர்ப்ப சாஸ்திரக்காரர்கள் கண்டுபிடித்த பிறகு, இந்து மகா சமுத்திரத்தில் அப்படியொரு கண்டம் மூழ்கியது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பார்ப்பனர் சொன்ன புராணத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, நமக்குப் பிடித்த புராணத்தை மடியில் கட்டிக்கொள்வது என்ன நியாயம்? கம்பியை அளந்த பண்டிதர் நமக்கு வேண்டியவர். கடலுக்கடியில் கண்டம் பார்த்த பண்டிதருக்கு நாம் ஜவாப்தாரியல்ல.

கணக்கிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஸவிலிருந்து ப, அந்தப்பவை ஸவாக வைத்து அதற்குப் ப என்று பன்னிரண்டு முறை போனால் பன்னிரண்டு வீடும் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வர வேண்டும் என்பது வட்டப்பாலை. கம்பியில் 24 அங்குலத்துப் ப என்றால் ஒன்றுக்கு ஒன்றரை. ஒன்றை ஒன்றரையால் பன்னிரண்டு தடவை பெருக்குங்கள், 129¾ வரும். ஸவை ஏழு முறை இரட்டித்தால் 128. வட்டம் மூடவில்லை! நூற்றுக்கு 1⅓க்குச் சற்று மேல் துண்டு விழுகிறது. இது தமிழனுக்கு விரோதமாகப் பார்ப்பனர் செய்த சூழ்ச்சியல்ல. எண்ணின் குணம் அப்படி. வட்டம் மூட வேண்டுமானால் ஒவ்வொரு பவும் மயிரிழை இறங்க வேண்டும். ஸ வினாடிக்கு 240 அசைவென்றால் ப 360க்குப் பதில் 359.6. இது காதுக்கு அநேகமாய்த் தெரியாது. ஆனால் அந்தரக் காந்தாரம் 300க்குப் பதில் 302.4 ஆகிறது. தம்பூராவோடு பழகின காது இதைக் கண்டுபிடித்துவிடும். சரிசமப் படியும், கலப்பில்லாத இனிமையும் இரண்டும் முழுசாகக் கிடைக்காது. பண்டிதர் வட்டத்தின் பக்கம் நின்றார். மற்றவர்கள் கம்பியின் பக்கம் நின்றார்கள்.

அப்படியானால் பாடுகிறவன் உண்மையில் எங்கே நிற்கிறான்? இதைப் பண்டிதரும் கேட்கவில்லை, சாஸ்திரிகளும் கேட்கவில்லை. இரண்டு கட்சியும் எங்கே நிற்க வேண்டும் என்றே பேசின. ஒரு வயலில் ஒரு கதிரைப் பிடுங்கி மணி எண்ணிவிட்டு ஊர் விளைச்சலைச் சொல்லக் கூடாது; பத்து வயலில் பல இடத்தில் அறுத்து எண்ணி, நடுத்தரம் எவ்வளவு, அதற்கு மேலும் கீழும் எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் இப்போது புள்ளியியல் என்று பெயர். சங்கீதத்திலும் அப்படிச் செய்ய ஒலிப்பதிவுக் கருவி வர வேண்டியிருந்தது. 1963இல் ஜைரஸ்பாய், ஸ்டோன் என்ற இரண்டு பேர் வடநாட்டு வித்துவான்களின் வாசிப்பைக் கருவி வைத்து அளந்து வெளியிட்டார்கள். முடிவு என்ன? ஒரே ஸ்வரத்தை வித்துவானுக்கு வித்துவான் வேறு இடத்தில் பிடிக்கிறான். அது மட்டுமா, ஒரே வித்துவானே தடவைக்குத் தடவை நகருகிறான். 22 சுருதிக் கணக்கு இன்றைய சங்கீதத்தில் நடக்கிறதென்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. நம் தென்னாட்டிலோ கேட்கவே வேண்டாம். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிறதா? ஊஞ்சலாடுகிறது. ஆடுகிற ஊஞ்சலுக்கு 22இல் எத்தனையாவது படி, 24இல் எத்தனையாவது படி என்று விலாசம் எழுதுவது எப்படி?

ஆகவே பண்டிதரின் 24ம் வேதவாக்கல்ல. 22 என்பது சுவாமி சொன்னதல்ல, மனிதன் போட்ட கணக்கு, மனிதன் போட்டதை மனிதன் திருத்தலாம் என்று துணிந்து கேட்டாரே, அதுதான் பெரிய காரியம்.

இனி மதுரைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி என்பவர் சதுர்தண்டிப் பிரகாசிகை என்ற நூலில் மேளங்கள் 72 என்று வகுத்தார். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் அத்தோடு நிற்காமல், பரமசிவனே வந்தாலும் இதில் ஒன்று கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று ஜம்பமும் பேசிவிட்டார். பரமசிவன் வரவில்லை. மதுரையிலிருந்து ஒரு நாகசுரக்காரர் வந்தார். பொன்னுசாமிப் பிள்ளையின் 'பூர்வீக சங்கீத உண்மை' என்ற புத்தகம் 1930இல் வெளிவந்தது. மேளம் 72 அல்ல, 32தான் என்பது அவர் வாதம்.

எப்படியென்றால், ஒரு ஸ்தாயியில் வீடு 12. ஆனால் சாஸ்திரத்தில் பெயர் 16. நாலு வீட்டுக்கு இரண்டிரண்டு கதவிலக்கம்! சதுஸ்ருதி ரிஷபம் குடியிருக்கும் அதே வீட்டில் சுத்த காந்தாரம் என்ற பெயரிலும் ஒரு சீட்டு. சாதாரண காந்தாரத்துக்கு ஷட்ஸ்ருதி ரிஷபம் என்று இன்னொரு பெயர். தைவத நிஷாதத்திலும் இதே கதை. ஒரே ஆள் இரண்டு பெயரில் ஓட்டர் ஜாபிதாவில் ஏறினால் என்ன சொல்லுவோம்? இந்த இரட்டைப் பெயரால்தான் ரி, க ஜோடி ஆறு, த, நி ஜோடி ஆறு, மத்திமம் இரண்டு, ஆக 72 என்று பெருகிற்று. இரட்டைப் பெயரை அடித்துவிட்டால் ஜோடி நாலு, நாலு. நாலை நாலால் பெருக்கி இரண்டால் பெருக்குங்கள். 32! பரமசிவனால் ஆகாததை ஒரு வாய்ப்பாட்டுப் பையன் செய்துவிடுகிறான்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடித்துத் தள்ளிய அந்த 40 மேளத்தையும் பாடிக் காட்ட முடியும். கோடீஸ்வர ஐயர் என்பவர் 72 மேளத்துக்கும் ஒவ்வொரு கிருதி செய்தார், அதுவும் தமிழிலேயே. இன்றைக்கும் கச்சேரிகளில் அவற்றைக் கேட்கிறோம். ஆகையால் 40ம் பாடவே தகாதவை என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் 72 என்பது ஆண்டவன் போட்ட எல்லை என்ற பூச்சாண்டி செத்தது. அது பெயர் வைக்கிற முறையைப் பொறுத்த தொகை.

இதை எழுதியவர் யார் என்பதைக் கவனியுங்கள். நாகசுரத்தில் விரல் வைக்கும் துளை ஏழுதான். அந்த ஏழு துளையில், பாதி மூடியும் கால் மூடியும் மூச்சை அடக்கியும் விட்டும் பன்னிரண்டு வீட்டையும் பிடிக்க வேண்டும். வீணையில் மெட்டு இருக்கிறது, ஆர்மோனியத்தில் கட்டை இருக்கிறது. நாகசுரக்காரனுக்குக் காதும் உதடும்தான். சுருதியைப் பற்றிப் பேச இவனைவிட யோக்கியதை யாருக்கு? ஆனால் இந்த நாட்டில் அவனுக்கு என்ன மரியாதை? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கானாடுகாத்தானில் ஒரு கலியாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து என்ற நாகசுர வித்துவான் வேர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். பெரிய மனிதர்களுக்கு அது பொறுக்கவில்லை, துண்டை எடு என்றார்கள். பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே நின்று, எடுக்காதே, வாசி என்று சொன்னதால் துண்டு தோளிலேயே நின்றது. தோளில் துண்டுக்கே சண்டை போட வேண்டியிருந்த காலத்தில், அந்தத் தொழிலைச் சேர்ந்த ஒரு வித்துவான், வேங்கடமகியின் கணக்கு தப்பு என்று புத்தகம் போட்டார். இதை எத்தனை பேர் இன்று நினைவில் வைத்திருக்கிறோம்? மதுரையில் தெருவுக்குத் தெரு மைக் செட்டு கட்டிப் பாட்டுப் போடுகிறோம். அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்?

பண்டிதர் 1919இல், தம் அறுபதாவது வயதில் காலமானார். அவர் எழுதி வைத்த இரண்டாம் பாகம் 1946இல்தான் அச்சில் வந்தது. 27 வருஷம் கையெழுத்தாகவே கிடந்தது.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "இவ்வளவு கணக்குப் பார்த்தால் பாட்டின் இனிமை போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறார். பொன்னுசாமிப் பிள்ளையின் பேரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தில் சிவாஜி கணேசன் கையில் பிடித்திருப்பது நாகசுரம், ஆனால் காதில் விழுவது இந்தச் சகோதரர்களின் வாசிப்பு. சீட்டு எழுதிய தோழர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறோம்.